ஆளுக்கு இருபது சதுர அடி

அதைக் கண்டவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, “சூன் பாண் வண்டியா செய்றீங்க?” என்றுதான். சிலர் ஐஸ்கிரீம் வண்டி என்றார்கள். லயத்துக் கடைசிக் காம்பராப் பெரியப்பா மட்டும் கிட்ட வந்து, கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். “படுக்கலாம் போலயே” என்றார். எட்டு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

விஷயம் இதுதான். ஏழு அடி நீளம், நாலு அடி அகலம், நாலரை அடி உயரத்தில் ஒரு பெட்டி. கீழே பழைய ஆட்டோச் சக்கரம் இரண்டு. கூரையில் 100 வாட் சோலர் பெனல் இரண்டு. உள்ளே மெத்தை, ஒரு பலகை, மூன்று பல்ப், போன் சார்ஜ் பண்ண நாலு ஓட்டை. வெள்ளைக்காரர்கள் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களே, அந்த கேம்பர் ட்ரெயிலர்தான். பன்விலயில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாலு பேர் சேர்ந்து செய்தோம். இரண்டு பேர் பேராதனையில் கலைப்பீடம். ஒருத்தன் வத்தேகமவில் வெல்டிங் வேலை. ஒருத்தன் கொழும்பில் புடவைக்கடையில் நின்றுவிட்டு, 2022இல் கடையே ஆடிப்போனதால் ஊருக்குத் திரும்பியவன்.

தொடக்கமும் அந்த 2022தான். நாங்கள் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த வருடம். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. குப்பி லாம்பைக் கொளுத்தலாம் என்றால் மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஆகஸ்டில் அந்த எண்ணெயும் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தாவலில் போனது. அப்படி ஒரு இருட்டில், போனில் மிச்சமிருந்த பதினொரு சதவீத சார்ஜில் பார்த்த வீடியோதான் எங்களைக் கெடுத்தது.

நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் அருண் பிரபு. 2019இல் ஒரு பழைய ஆட்டோவின் முதுகில் அவர் ஒரு வீட்டையே கட்டினார். ‘சோலோ .01’ என்று பேர். ஆறடிக்கு ஆறடி, 36 சதுர அடி. அதற்குள் படுக்கை, சமையல் இடம், கழிப்பறை எல்லாம். கூரையில் 600 வாட் சோலர் பெனல், 250 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. பழைய பஸ்களிலிருந்தும் இடித்த கட்டடங்களிலிருந்தும் பொறுக்கிய சாமான்களை வைத்து, இந்தியக் காசில் ஏறக்குறைய ஒரு லட்சத்துக்குள் முடித்திருந்தார். சென்னை, மும்பைக் குடிசைப் பகுதிகளில் சின்ன வீடுகளுக்குள் இடம் எப்படி வீணாகிறது என்று பார்த்த பிறகு வந்த யோசனை அது. வீடில்லாதவர்களுக்கும் வேலைக்காக இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும் உதவலாம் என்பது அவர் எண்ணம்.

வீடியோ முடிந்ததும் எங்களில் ஒருத்தன் சொன்னான்: “முப்பத்தாறு சதுர அடி ஒரு ஆளுக்கா? பெரிய வீடுடா.”

சிரித்தோம். பிறகு கணக்குப் போட்டோம். எங்கள் லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, 120 சதுர அடி. அவன் வீட்டில் ஆறு பேர். ஆளுக்கு இருபது. உலகமே ‘இத்தனை சின்ன இடத்தில் வாழ முடியுமா’ என்று வாய்பிளந்து பார்த்த வீட்டில், ஒரு ஆளுக்கு எங்களைவிடப் பதினாறு சதுர அடி கூட. குறைந்த பொருளோடு, குறைந்த இடத்தில் வாழ்வதைப் பற்றி இப்போது புத்தகம் எழுதுகிறார்கள், வகுப்பு நடத்துகிறார்கள். எங்கள் அப்பாயிமார் பேர் தெரியாமலே அதைச் செய்து முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தக் கணக்கு மனதில் நின்றுவிட்டது. ஆனாலும் உண்மையைச் சொன்னால், நாங்கள் வேலையைத் தொடங்கியது சமூகத்துக்காக இல்லை. ஊர் சுற்றத்தான். நக்கிள்ஸ் மலை எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. 2010இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எங்கெங்கேயோ இருந்து வந்து தேயிலைக்கு நடுவே கூடாரத்தில் படுக்கக் காசு கட்டுகிறார்கள். நாங்கள் அங்கே போனால் விறகுக்குத்தான். ஒரு தடவையாவது சுற்றுலாக்காரராகப் போய்ப் படுக்க ஆசைப்பட்டோம். அது தப்பா?

2024 தொடக்கம், கெம்பஸ் திறக்கும்வரை காத்திருந்த மாதங்களில் வேலை ஆரம்பம். காசு டியூஷனிலிருந்தும் ஒரு சீட்டிலிருந்தும் வெல்டிங்காரனின் சம்பளத்திலிருந்தும் வந்தது. மொத்தம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய் முடிந்தது. அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஒருநாள் வேலையை நாங்கள் ‘ஒரு பேர்’ என்போம். அந்தக் கணக்கில் எங்கள் ட்ரெயிலரின் விலை 118 பேர். அம்மாவிடம் ரூபாயில் சொன்னோம், பேரில் சொல்லவில்லை.

எல்லாம் எடையில்தான் இருக்கிறது என்று முதல் மாதத்திலேயே புரிந்தது. ஒன்றரை அங்குல பொக்ஸ் பாரில் சட்டம் அடித்தோம். சுவருக்குப் பலகை போட்டால் தூக்கவே முடியாது. ஆகவே ரிஜிஃபோம் தட்டுகளை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மெல்லிய பிளைவுட் ஒட்டினோம். தனியாக எடுத்தால் ஃபோமும் உடையும், பிளைவுட்டும் வளையும். ஒட்டிக் காய்ந்த பிறகு அதன்மேல் ஆள் ஏறி நிற்கலாம். வளையும்போது ஒரு தோல் இழுபடும், மற்றத் தோல் நெருக்கப்படும், நடுவில் இருப்பது இரண்டையும் விலகவிடாமல் பிடிக்கும். கலைப்பீடத்துக்காரர்களுக்கு இது பெரிய கண்டுபிடிப்பு. வெல்டிங்காரன், “கதவு செய்ற கடையில இதைத்தானே செய்றாங்க” என்று முடித்துவிட்டான்.

கூரைக்கு உள்பக்கம் தேர்தல் பெனர். தண்ணீர் ஏறாது, சும்மா கிடைத்தது. ஆகவே உள்ளே மல்லாந்து படுத்தால் ஒரு வேட்பாளர் கையைக் கூப்பிக்கொண்டு சிரிப்பார். “வீடு தாறேன்னு சொன்னாரு, கூரையாவது தந்தாரே” என்று அதற்கு ஒரு பகிடி.

துண்டு துண்டாகக் கழற்றி, கொழுந்து நிறுக்கிற தராசில் நிறுத்துப் பார்த்தோம். பெட்டரி, பெனல், சக்கரம் எல்லாம் சேர்த்து 168 கிலோ. நிறுத்தவரிடம், “ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிக்கலையா?” என்று கேட்டோம். மலையில் கொழுந்து கொடுத்தவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும்.

பெனல் விஷயத்தில் யூடியூப் எங்களை ஏமாற்றப் பார்த்தது. வெளிநாட்டுக்காரர்கள் பெனலைச் சாய்த்து வை, சாய்த்து வை என்கிறார்கள். அவர்கள் ஊரில் சூரியன் ஒரு பக்கமாக நிற்கும். நாங்கள் இருப்பது பூமத்தியரேகைக்கு ஏழு பாகை வடக்கே. வெயில் கிட்டத்தட்ட உச்சந்தலையில் விழுகிறது. கூரையோடு கூரையாகப் படுக்கவைத்தாலே போதும். மழைத்தண்ணீரும் தூசியும் வழிந்துபோக ஒரு சின்னச் சரிவு மட்டும் விட்டோம். கூரையில் துளை போட்டால் அங்கேதான் முதல் ஒழுக்கு வரும் என்பதால், பெனல்களைப் பக்கச் சட்டத்திலிருந்து எழும்பும் தண்டுகளில் பூட்டினோம். அதனால் கூரைக்கும் பெனலுக்கும் நடுவில் காற்றும் ஓடுகிறது. பெனல் சூடேறினால் கரண்ட் குறையும்.

ஆனால் நிழல்தான் எமன். தேயிலைக்கு நிழல்மரம் வேண்டும், பெனலுக்கு ஆகாது. ஒரு மூலையில் ஒரு கொப்பின் நிழல் விழுந்தாலும், அந்த மூலைக்கு மட்டும் நட்டமில்லை. உள்ளே உள்ள கட்டங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோர்த்தவை. ஒன்று சோம்பினால் வரிசையே சோம்பும். மரத்தடியில் நிறுத்திய முதல் நாள், பெனல் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக இருந்தோம். ட்ரெயிலரைப் பத்தடி தள்ளியதும் மீட்டர் எழும்பியது.

ஒரு நல்ல வெயில் நாளில் இரண்டு பெனலும் சேர்ந்து, நட்டமெல்லாம் போக, 500 வாட்மணி அளவுக்குத் தரும். பெட்டரி 12 வோல்ட், 60 ஆம்பியர்மணி. பெருக்கினால் 720. ஆனால் அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். அதனால் கையில் இருப்பது 360. இந்த 360ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இழுத்துப் பார்த்த கதை சின்னது. பெட்டரியை முதலில் பின்பக்கம் வைத்திருந்தோம். தோட்டத்து ரோட்டில் ஆட்டோவில் கட்டி இழுத்தால் ட்ரெயிலர் நாய் மாதிரி வாலாட்டியது. பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது முன்கொக்கியில் இறங்க வேண்டுமாம். பெட்டரியைச் சக்கரத்துக்கு முன்னால் மாற்றியதும் வாலாட்டம் நின்றது. ஏற்றத்தில் 200 சிசி எஞ்சின் முனகிக்கொண்டு ஏறியது, கிளட்ச் மணத்தது. இறக்கத்தில்தான் பயந்தோம். பிரேக் பிடித்தால் ஆட்டோ நிற்கப் பார்க்கிறது, பின்னால் 168 கிலோ நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு வளைவில் ஆட்டோவின் பின்பக்கம் விலகி, கானுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றோம். அன்றோடு ஆட்டோ இல்லை. ஆறு பேர் பிடித்துத் தள்ளுவது என்று முடிவு. பொது வீதியில் கொண்டுபோக ட்ரெயிலருக்கும் பதிவு வேண்டும், சும்மா செய்துவிட்டு ஓட்ட முடியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. நக்கிள்ஸ் கனவு அங்கே முடிந்தது. விளையாட்டு மைதானத்து ஓரத்தில் நிறுத்தி, இரண்டு பேர் ஒரு இரவு படுத்துப் பார்த்தோம். விடியும்போது மூச்சுக்காற்றே தண்ணீராகி வேட்பாளரின் முகத்திலிருந்து எங்கள் முகத்தில் சொட்டியது. அதன்பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு காற்றோட்டி வைத்தோம்.

அப்படியே கிடந்தது. கெம்பஸ் தொடங்கியது. எங்களுக்கு வேறு வேலை வந்தது.

2024 நவம்பர் 25ஆம் திகதி ஏ.எல். பரீட்சை ஆரம்பம். எங்களில் ஒருத்தனின் தங்கச்சி எழுதினாள். அதே வாரம்தான் வங்கக் கடலில், பிறகு ஃபெஞ்சல் என்று பேர் வைத்த புயலாக மாறிய தாழமுக்கம் நாட்டின் ஓரமாகப் போனது. மழை என்றால் சாதாரண மழை இல்லை. 26ஆம் திகதி பின்னேரம் கரண்ட் போனது.

மண்சரிவு எச்சரிக்கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனமாக இரு. 100 என்றால் ஆயத்தமாகு. 150 தாண்டினால் எழும்பிப் போ. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுச் சொல்லும். எங்களுக்கு அந்த நிறங்கள் வருவதற்கு முன்னாலேயே பயம் வந்துவிடும். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனபோது நாங்கள் பிரைமரி வகுப்பில் இருந்தோம். டி.வி.யில் பார்த்தோம். அதன்பிறகு தகரத்தில் விழும் மழைச் சத்தம் எங்களில் யாருக்கும் தாலாட்டு இல்லை.

இரவு எட்டு மணிபோல லயத்தாட்கள் எல்லாம் கோயில் மண்டபத்துக்கு இறங்கினார்கள். பாய், போர்வை, அடையாள அட்டை, பொலித்தீன் பையில் பத்திரங்கள். பக்கவாட்டில் சுவரில்லாத மண்டபம், சாரல் அடிக்கிறது. பிள்ளை பெற்று இருபத்திமூன்று நாளான ஒரு அக்கா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். பெரியப்பாதான் சொன்னார்: “அந்தப் பெட்டி சும்மாத்தானே கெடக்கு?”

ஆறு பேர், முழங்கால் அளவு சேற்றில், மைதானத்திலிருந்து கோயில் வரைக்கும் தள்ளினோம். அன்றைக்குத்தான் 168 கிலோவின் அருமை தெரிந்தது. 200 ஆக இருந்திருந்தால் வந்திருக்காது. அக்காவும் குழந்தையும் உள்ளே படுத்தார்கள். கால்மாட்டில், பலகையைப் போட்டுக்கொண்டு தங்கச்சி. 27இலிருந்து பரீட்சையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி அதற்குள் போனில் வந்துவிட்டது. ஆனாலும் கொப்பியை மூடவில்லை. “பரீட்சைய நிப்பாட்டினா பாடமும் நிக்குமா?” என்றாள்.

பிறகு போன்கள் வந்தன.

மண்டபத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட போன். எல்லாம் சாகப்போகிறவை. ஒவ்வொன்றிலும் கொழும்பில் ஒரு மகன், கட்டாரில் ஒரு மகள். நாலைந்து நாளாக வெயில் இல்லை. கனத்த மேகத்தில் பெனல் பத்தில் ஒரு பங்கு தந்தாலே பெரிசு. மீட்டரைப் பார்த்தால் 360 இல்லை, மிஞ்சிப்போனால் 220 இருக்கும். பல்ப் ஒன்று ஐந்து வாட், பத்து மணித்தியாலம் எரிந்தால் ஐம்பது. ஒரு போனை முழுக்க நிரப்பப் பதினைந்து. பெருக்கிப் பார்த்தோம், பதினொரு போனுக்கு மேல் நிரம்பாது. இரண்டாவது இரவுக்கு ஒன்றுமே மிஞ்சாது.

ஒருவர் ரைஸ் குக்கரோடு வந்தார். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று விளங்கப்படுத்துவதற்குள் அவருக்குக் கோபம். “ஒங்க வீட்டாளுக்கு மட்டும் லைட்டா?” என்றார். நியாயமான கேள்விதான். பல்பை அணைத்துவிட்டு ஒரு போனைக் கூட நிரப்பலாமே? தங்கச்சிக்குக் கேட்டிருக்க வேண்டும். செக்ரோல் மாதிரி ஒரு கொப்பியில் அவளே பேர் எழுதத் தொடங்கினாள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஒரு கோல் எடுக்கக் காணும். மருந்து எடுப்பவர்கள் வீட்டுப் போன் முதலில். எச்சரிக்கைச் செய்தி வரும் போன் இரண்டு மட்டும் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். கடைசியில் தன் பேருக்கு நேராக எழுதினாள்: லைட், இரவு பதினொரு மணி வரைக்கும். ரைஸ் குக்கர்க்காரர் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, “பன்னெண்டுன்னு போடு புள்ள” என்றார்.

இரண்டு இரவு ஓட்டினோம். மூன்றாம் நாள் காலை மேகம் பிளந்து அரைமணித்தியாலம் வெயில். மீட்டர் முள் எழும்புவதைப் பார்க்கப் பத்துப் பேர் கூடி நின்றோம், தேர் இழுக்கிற மாதிரி.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசிக் காம்பராவின் பின்னால் மட்டும் மண் இறங்கி, பெரியப்பாவின் அடுப்படிச் சுவரைத் தள்ளியிருந்தது. சுவர் கட்டும்வரை அவர் ட்ரெயிலரில் படுத்தார். ஏழு வாரம். “எப்படி இருக்கு?” என்று கேட்டால், “ஒரே அமைதி, தூக்கமே வரல” என்பார். இருபத்தெட்டு சதுர அடி, அவர் ஒருத்தருக்கே. காம்பராவைவிட எட்டு சதுர அடி கூட.

அந்த ஏழாவது வாரத்தில்தான் கேள்வி வந்தது. இதை இங்கே நிறுத்த யார் அனுமதி கொடுத்தது? மைதானமும் தோட்டத்துக் காணி, கோயில் நிற்பதும் தோட்டத்துக் காணி. கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற பெரியப்பாதான் சொன்னார்: “சக்கரம் இருக்குதுங்க. போறதுக்கு எடந்தான் இல்ல.”

வண்டியில் வாழ்பவர்களைப் பற்றிய ‘நோமாட்லேண்ட்’ படத்தை கெம்பஸில் பார்த்தோம். 2021இல் ஒஸ்கார் வாங்கிய படம். அமெரிக்காவில் வீட்டை இழந்தவர்கள் வேனில் ஏறி ஊர் ஊராகப் போகிறார்கள். முடிந்ததும் எல்லாரும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார்கள். எங்களுக்கு அந்த வேன்கள் எங்கே நிற்கின்றன என்பதுதான் கண்ணில் பட்டது. நிற்க ஒரு இடம் இருந்தால்தான் ஓடுவது சுதந்திரம். எங்கள் ஆட்கள் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுக்குள்ளால் நடந்து வந்தவர்கள். அந்தப் பாதையில் 2023இல் திரும்பவும் நடந்து, 200 வருடத்தை நினைவுபடுத்தினார்கள். நடப்பதில் எங்களுக்குக் குறை இல்லை. நின்ற இடத்துக்குப் பத்திரம் இல்லை, அவ்வளவுதான்.

தனிவீட்டுத் திட்டங்கள் வருகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடு, 2017இல் நோர்வூட்டில் வைத்து இன்னும் 10,000 என்றார்கள். குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்பது பேச்சு. 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. எங்கள் ட்ரெயிலரை அதில் 68 தடவை நிறுத்தலாம். நாங்கள் கேட்பது ஒரு தடவை நிறுத்த.

எட்டு மாதமாக ஒரு வீட்டை எப்படி லேசாக்குவது என்று மூளையைக் கசக்கினோம். செய்துவிடலாம், அது கஷ்டமில்லை. ஒரு வெல்டிங் பொடியனும், ரிஜிஃபோமும், 118 பேரும் காணும். லேசாக்க முடியாதது அதற்குக் கீழே இருக்கிற மண்.

இப்போது பெரியப்பா காம்பராவுக்குத் திரும்பிவிட்டார். ட்ரெயிலர் கோயிலுக்குப் பின்னால், செங்கல் அடுக்கில் நிற்கிறது. சக்கரம் தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் கழற்றி வைத்திருக்கிறோம். அடுத்த மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவை: பெட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர், இடது கதவு ரப்பர், போனுக்கு இன்னும் நாலு ஓட்டை, முடிந்தால் இன்னொரு பெட்டரி. மழைக்காலத்தில் மட்டும் மைதானத்து ஓரத்தில் நிறுத்தி வைக்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். லயத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து ரைஸ் குக்கர்க்காரருடையது. பதில் இன்னும் வரவில்லை. மூன்றாவது பிரதியைத் தங்கச்சி எழுதிக்கொண்டிருக்கிறாள், ட்ரெயிலருக்குள்ளே உட்கார்ந்துதான்.